திருகாணி ஏன் தளர்கிறது?

பலகைகளாக வாங்கிவந்து வீட்டில் பூட்டிய அலமாரி சில மாதங்களில் ஆடுகிறதா? குற்றம் திருகாணியுடையதன்று, துளையுடையது.

இத்தகைய அலமாரிகள் பெரும்பாலும் மரச்சில்லுகளைப் பசையிட்டு அழுத்திய பலகையால் ஆனவை. புதுச்சேரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் பருவமழையில் பலகை ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது, இரும்பு உப்புவதில்லை. ஆகவே திருகாணியின் புரிகளைச் சுற்றியுள்ள சில்லுகள் நசுங்குகின்றன. கோடையில் பலகை உலர்ந்து சுருங்க, பிடிமானம் குறைகிறது. அப்போது பலங்கொண்டு முடுக்கினால் மிச்சமுள்ள மரமும் பொடிந்து, திருகாணி வெறுமனே சுற்றும்.

என்ன செய்யலாம்? திருகாணியைக் கழற்றுங்கள். மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளையில் செருகி, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு திருப்புளியால் மெதுவாக முடுக்கி, இறுகியதும் நிறுத்துங்கள். உயரமான அலமாரியானால் சுவரோடும் பிணையுங்கள். சாய்ந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து!