அண்மைக் குறுமண்டலங்கள்: தூரமும் நிறையும்

நமது பால்வெளி மண்டலத்தைச் சுற்றிலும் அதற்கு அப்பாலும் சிறிய விண்மீன் மண்டலங்கள் பல உள்ளன. இவற்றைக் குறுமண்டலங்கள் என்பர். பால்வெளியில் 10,000 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள் உண்டு. குறுமண்டலம் ஒன்றில் சில கோடி மட்டுமே இருக்கலாம். சிறு மண்டலங்கள் ஒன்றிணைந்தே பெரியவை உருவாயின என்பது இன்றைய அறிவியல் கருத்து. ஆகவே இவற்றின் ஆராய்ச்சி முக்கியத்துவம் பெறுகிறது. இத்துறையில் புனே நகரிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையம் சிறப்பான பங்காற்றியுள்ளது.

தூரத்தை அளக்கும் முறை

வெகுதொலைவிலுள்ள மண்டலங்களின் தூரத்தை, அவை விலகிச் செல்லும் வேகத்தைக் கொண்டு கணிப்பது வழக்கம். அண்மை மண்டலங்களுக்கு இம்முறை பொருந்தாது. அண்டை மண்டலங்களின் ஈர்ப்பினால் விளையும் இயக்கம், விலகல் வேகத்திற்கு ஈடாக இருந்துவிடுகிறது. எனவே தனி விண்மீன்களையே அளவுகோலாகக் கொள்கின்றனர்.

சூரியனை ஒத்த விண்மீன் முதுமையில் பருத்துச் சிவந்து, செம்பெரு விண்மீனாகிறது. அதன் ஒளி படிப்படியாகக் கூடுகிறது. மையத்திலுள்ள ஹீலியம் எரியத் தொடங்கியதும் அவ்வளர்ச்சி நின்றுவிடுகிறது. இந்த உச்ச ஒளி ஏறக்குறைய எல்லா மண்டலங்களிலும் ஒரே அளவினது. அது நான்கில் ஒரு பங்காகத் தோன்றினால், தூரம் இருமடங்கு என்று பொருள். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்கள் இக்கணிப்புக்குப் பெரிதும் உதவியுள்ளன.

இப்படங்கள் மற்றொரு செய்தியையும் தருகின்றன. ஒளிமிக்க நீல விண்மீன்கள் இளையவை. செம்பெரு விண்மீன்களுள் பெரும்பாலானவை முதியவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயதுவாரிப் பட்டியல் இடுவதைப் போல, இவற்றை எண்ணி அம்மண்டலத்தின் வரலாற்றை அறியலாம்.

கோடாட் தரும் கணக்கு

விண்மீன்களாக மாறாத ஹைட்ரஜன் வாயு இப்படங்களில் புலப்படாது. அது 21 சென்டிமீட்டர் நீளமுள்ள வானொலி அலைகளை வெளியிடுகிறது. அவற்றைப் பெறும் தொலைநோக்கிகளுள் ஒன்று, புனேக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவ் அருகே கோடாட் கிராமத்தில் அமைந்த ஜி.எம்.ஆர்.டி. ஆகும். 1970-இல் உதகையில் வானொலித் தொலைநோக்கியை நிறுவிய பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இது உருவாயிற்று. இதில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஏரியல்கள் உள்ளன. மையத்தில் நெருங்கி நிற்கும் 14 ஏரியல்கள் பரந்து கிடக்கும் வாயுவைக் காட்டுகின்றன. மூன்று கிளைகளாக விரிந்த 16 ஏரியல்கள் நுண்விவரங்களைத் தருகின்றன.

சப்தரிஷி மண்டலத் திசையில், சுமார் 1 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 3741 என்னும் குறுமண்டலத்தை ஆயிஷா பேகம், ஜெயராம் செங்கலூர், ரஷ்ய வானியலார் இகோர் கரச்சென்ட்செவ் ஆகியோர் இக்கருவியால் ஆராய்ந்தனர். அதன் வாயுத் தட்டு, ஒளிரும் பகுதியைப்போல் சுமார் 8 மடங்கு தூரம் பரவியிருப்பதை 2005-இல் வெளியிட்டனர். அவ்வாயுவின் சுழற்சி வேகத்தை நோக்கின், காணும் பொருளைவிடக் காணாப் பொருளே அங்கு மிகுதி எனத் தெரிகிறது. 2008-இல் அறுபதுக்கும் மேற்பட்ட குறுமண்டலங்களின் ஆய்வு வெளிவந்தது.

தூரம் பிழைத்தால்

தூரத்தை இருமடங்காகத் தவறிக் கணித்தால், விண்மீன்களின் ஒளியும் வாயுவின் நிறையும் நான்கு மடங்காகிவிடும். சுழற்சியால் அறியும் மொத்த நிறையோ இருமடங்கே ஆகும். காணாப் பொருளின் விகிதமே மாறிவிடும். எனவே விண்வெளிப் படமும் கோடாட்டின் அளவீடும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

இங்கு வந்தடையும் அலைகள் மிகமிக நலிந்தவை. அருகிலுள்ள கைப்பேசிக் கோபுரமோ, பொறிவிடும் மின்கம்பியோ அவற்றை மூழ்கடித்துவிடக் கூடும். சாலை, மின்சாரம், தொழில் ஆகியவற்றைத் திட்டமிடுவோர் தொடக்கத்திலேயே தொலைநோக்கி நிலையத்தாருடன் கலந்தாலோசித்தல் வேண்டும். வட்டாரம் வளரவும் வேண்டும். வானொலி அமைதி நிலைக்கவும் வேண்டும். இரண்டையும் இசைவிப்பது நிர்வாகத்தின் பொறுப்பாகும்.