நீரிழிவு மதிப்பெண்: நம்பத் தகுந்ததா?

கைபேசியில் நீரிழிவு அபாயத்தைக் கணித்துக் கூறும் முறையை நம்பலாமா எனச் சித்தன்னவாசல் அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். சங்கப் பேரேட்டை நாம் நம்புவது, அதனைச் சரிபார்க்க இயல்வதனாலன்றோ? இதற்கும் அதுவே விதி.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண், நான்கு விவரங்களையே கேட்கிறது. உதாரணமாக, 52 வயது ஆடவருக்கு வயதிற்கு 30, இடுப்புச் சுற்றளவு 92 சென்டிமீட்டருக்கு 10, கடும் உழைப்பிருந்தும் உடற்பயிற்சியின்மைக்கு 20, பெற்றோருள் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதற்கு 10, ஆகமொத்தம் 70. நூற்றுக்கு 60-உம் அதற்கு மேலும் அபாயம் மிகுதி என்க.

கைபேசி கூறும் தொகையை இவ்வாறு நாமே கூட்டிப் பார்க்கலாம். ஆயினும் மதிப்பெண் எச்சரிக்கையேயன்றி நோயின் தீர்ப்பன்று. இரத்தப் பரிசோதனையே உறுதி கூறும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுக. ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ கேட்கும் பக்கத்திற்கு விடையளித்தல் கூடாது.