கிரீத்தேசியக் கால இந்தியா

கிரீத்தேசியக் காலம் என்பது ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவடைந்த புவியியல் காலப்பகுதி ஆகும். திராயாசிக், சுராசிக், கிரீத்தேசியம் என்னும் மூன்று காலங்களைக் கொண்ட இடையுயிர் ஊழியின் இறுதிக் காலம் இதுவாகும். இக்காலத்தில் இந்திய நிலப்பகுதி தென்கண்டங்களிலிருந்து பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்தது. அதன்மீது தொன்மாக்கள் (டைனோசர்கள்) வாழ்ந்தன. காலத்தின் இறுதியில் அழிந்தன.

கண்டப் பெயர்ச்சி

பாஞ்சியா என்னும் மீக்கண்டம் சுராசிக் காலத்தில் வடக்கே லோரேசியா, தெற்கே கோண்டுவானா எனப் பிளவுபட்டது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாசுகர், இந்தியா, அண்டார்க்டிக்கா, ஆசுத்திரேலியா ஆகியவை கோண்டுவானாவின் பகுதிகளாக இருந்தன. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாசுகரும் ஒன்றாக அண்டார்க்டிக்கா, ஆசுத்திரேலியாவிலிருந்து விலகத் தொடங்கின. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாசுகரும் இந்தியாவைவிட்டுப் பிரிந்தது.

அதன்பின் இந்தியா நகர்ந்த வேகம், உச்சத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் அளவை எட்டியது. இன்று பெரும்பாலான கண்டங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்களே நகர்கின்றன. எரிமலைக்குழம்பு குளிரும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அவ்விடத்துப் புவிக்காந்தப் புலத்தின் திசையில் காந்தமேறி நிற்கும். அத்திசையின் சாய்வு நிலநேர்க்கோட்டைக் காட்டும். தக்காணப் பாறைகளை இவ்வாறு ஆராய்ந்ததில், அவை நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உருவானவை எனத் தெரியவந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவுடன் மோதியதால் இமயமலை எழுந்தது.

அரியலூர்க் கடல்

அண்டார்க்டிக்கா விலகியதால் ஏற்பட்ட தாழ்வான பகுதிகளுள் ஒன்று காவிரிப் படுகை. இதன்மேல் கடல் பலமுறை முன்னேறிப் பின்வாங்கியது. இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் அம்மோனைட்டுகள், சிப்பிகள், கடல் முள்ளெலிகள், சுறாப் பற்கள் ஆகியவற்றின் புதைபடிவங்கள் கிடைப்பதற்கு இதுவே காரணம். 1862 இல் பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகைப்படுத்தினார். நிலத்திலிருந்து அடித்துவரப்பட்டுக் கடற்படிவில் புதைந்த மரங்களும் கல்லாக மாறின. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரம் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுடையது.

நில வாழ் உயிரினங்கள்

குசராத்து மாநிலத்தின் ரகியோலியில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, ராசாசாரசு நர்மதென்சிசு என்னும் ஊனுண்ணித் தொன்மா 2003 இல் விவரிக்கப்பட்டது. மடகாசுகரில் வாழ்ந்த மசுங்காசாரசு இதன் நெருங்கிய உறவினம் ஆகும். இன்று கடல் பிரிக்கும் இரு நிலங்களில் ஒரே குடும்பத்து விலங்குகள் வாழ்ந்தமை, அவை முன்பு இணைந்திருந்ததற்குச் சான்றுகளுள் ஒன்று.

குசராத்தின் தோலி துங்ரியில், தொன்மாக் கூட்டில் முட்டையைச் சுற்றிக் கிடந்த ஏறத்தாழ 3.5 மீட்டர் நீளப் பாம்பின் புதைபடிவம் கண்டெடுக்கப்பட்டது. சனாசே இண்டிகசு எனப்படும் இப்பாம்பு, முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளைத் தின்றிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

பூக்கும் தாவரங்கள் பரவியதும் இக்காலத்திலேயே. மகாராட்டிரத்தின் பிசுதுராவில் கிடைத்த தொன்மாச் சாணத்தின் புதைபடிவங்களில் புல்லின் நுண்ணிய மணற்சத்துத் துகள்கள் காணப்பட்டன. தொன்மாக்கள் அழிந்த பின்னரே புற்கள் தோன்றின என்னும் முந்தைய கருத்தை, 2005 இல் வெளியான இக்கண்டுபிடிப்பு மாற்றியது.

அழிவு

காலத்தின் இறுதியில் தக்காணத்தில் பெரும் எரிமலை வெடிப்புகள் நிகழ்ந்தன. அக்குழம்பு உறைந்த பாறைகள் இன்றும் ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் சில இடங்களில் அவை 2 கிலோமீட்டருக்கு மேல் தடிமன் கொண்டவை. அதே காலத்தில் மெக்சிக்கோவின் சிக்சுலூப்பில் ஒரு சிறுகோள் மோதியது. உயிரினச் சிற்றினங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அழிந்தன. சிறுகோளே முதன்மைக் காரணம் எனப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். எரிமலைகளின் பங்கு குறித்து விவாதம் தொடர்கிறது. பறவைகள் தவிர்ந்த தொன்மாக்களும் அம்மோனைட்டுகளும் மறைந்தன.

புதைபடிவங்களின் நிலை

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த மிகப்பெரிய எலும்புகளைக் கொண்டு 1980களில் புருகத்காயோசாரசு என்னும் தொன்மா விவரிக்கப்பட்டது. அதன் கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர் நீளமுடையதாகக் கூறப்பட்டது. ஆனால் எளிதில் உதிரும் நிலையில் இருந்த அவ்வெலும்புகள் சிதைந்துவிட்டன. வரைபடங்களும் சில ஒளிப்படங்களுமே எஞ்சியுள்ளன. அதனால் இவ்விலங்கின் உண்மையான அளவை உறுதிசெய்ய இயலவில்லை. அரியலூர்ப் பகுதியில் சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. சுரங்கங்கள் புதிய படிவங்களை வெளிக்கொணர்கின்றன. உரிய நேரத்தில் சேகரிக்கப்படாதவை கல்லோடு சேர்ந்து அரைபடுகின்றன. மீட்கப்பட்ட படிவங்கள் சில வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.