அம்மா பேசினால் ஊசி வலி குறைகிறது!
குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த சோதனை

மதுரை —
மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தில் குறைமாதத்தில் குழந்தை பிறந்தால், "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்பதுதான் முதல் பேச்சு. கோரிப்பாளையம் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு மதுரைக்காரர்கள் வைத்த பெயர் அது.

கண்ணாடிப் பெட்டி. மூக்கில் குழாய். 'பீப் பீப்' என்று கத்தும் மெஷின். பார்த்ததும் பெற்றவளுக்கு வாய் அடைத்துப் போகிறது. "இத்தனூண்டு பிள்ளைக்கு என்னத்தக் கேக்கப் போகுது?" என்று ஒதுங்கி நிற்கிறாள்.

கேட்கும்! வயிற்றில் 6 மாதம் ஆகும்போதே சிசுவுக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. அது அதிகம் கேட்பது தாயின் குரலைத்தான். முன்கூட்டியே பிறந்ததும் அந்தக் குரல் போய், மெஷின் சத்தம் வந்துவிடுகிறது.

குதிகாலில் குத்து

குறைமாதக் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்யக் குதிகாலில் குத்துவார்கள். பிழைக்க வைக்கத்தான் குத்துகிறார்கள். ஆனாலும் வலி வலிதானே! ஒவ்வொரு குத்துக்கும் வலி மருந்து கொடுத்தால் பிஞ்சு மூளைக்கு ஆகாது.

இதற்கு வழி தேடினார்கள், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழகத்தார். இத்தாலியில் ஆவோஸ்தா நகர ஆஸ்பத்திரியில் 20 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. ஒரு நாள் தாயின் குரல் இல்லாமல் குத்தினார்கள். ஒரு நாள் தாய் பேசினாள். ஒரு நாள் பாடினாள். முகச்சுளிப்பு, நாடித்துடிப்பு, ஆக்சிஜன் பார்த்து வலிக்கு மார்க் போட்டார்கள்.

முடிவு 2021-ல் வெளிவந்தது. குரல் இல்லாதபோது 4.5 இருந்த வலி மார்க், தாய் பேசியபோது 3 ஆனது. எச்சிலில் 'ஆக்சிடோசின்' என்ற ஹார்மோன் 0.8-லிருந்து 1.4 ஆக ஏறியது. பாசத்துக்கும் பயம் தணிவதற்கும் தொடர்புள்ள ஹார்மோன் இது.

வேடிக்கை என்னவென்றால், பாட்டைவிடப் பேச்சுக்குத்தான் பலன் அதிகம்! பாட்டு மெட்டுக்குள் அடங்கிவிடும். பேச்சோ குழந்தை முகம் சுளித்ததும் குழைந்து இறங்கும். ஆகவே, தாலாட்டு தெரியாத தாய்மார்கள் கவலைப்பட வேண்டாம்!

20 குழந்தைகள் என்பது சின்னக் கணக்குதான். மருந்துக்குப் பதில் குரல் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் தாயைப் பக்கத்தில் விட்டால் உயிரே தப்புகிறது என்பதற்குப் பெரிய கணக்கு இருக்கிறது. டெல்லி சப்தர்ஜங் உள்பட 5 நாட்டு ஆஸ்பத்திரிகளில் எடை குறைந்த 3,211 குழந்தைகளிடம் ஆய்வு நடந்தது. பிறந்த கையோடு தாயின் மார்போடு அணைத்து வைத்ததில் சாவு 4-ல் 1 பங்கு குறைந்தது. இதுவும் 2021-ல்தான் வெளிவந்தது.

என்ன பேசுவது?

"தங்கம், சாமி, அம்மா இருக்கேன்டா" போதும். உரக்க வேண்டாம், கண்ணாடியைத் தட்டவும் வேண்டாம். சோதனையில் குத்துவதற்கு 5 நிமிடம் முன்பே தாய் பேசத் தொடங்கினாள். ஆகவே ரத்தம் எடுக்க வரும்போதே, "நான் பக்கத்துல நின்னு பேசலாமா சிஸ்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.