கழிப்பறை நீர்த்தொட்டிக் கசிவு

கழிப்பறை நீர்த்தொட்டிக் கசிவு என்பது, கழிப்பறைப் பீங்கானைக் கழுவிவிடுவதற்காக நீரைத் தேக்கி வைக்கும் தொட்டியிலிருந்து (பேச்சு வழக்கில் ஃபிளஷ் டேங்க்) நீர் சிறிது சிறிதாக வீணாவதைக் குறிக்கும். ஓசையின்றியும் தரையை நனைக்காமலும் நேரே பீங்கானுக்குள் வழிவதால், இது மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போவதுண்டு. தேய்ந்துபோன ரப்பர் வாஷரே பல வீடுகளில் இதற்குக் காரணம். பெரும்பாலான கசிவுகளை வீட்டில் உள்ளவர்களே சரிசெய்யலாம்.

நீரிழப்பின் அளவு

நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். ஏறத்தாழ 4,000 சொட்டுகள் ஒரு லிட்டர் எனக் கொண்டால், இது 20 லிட்டருக்கும் மேலாகும். நூல் போல நிமிடத்திற்கு 100 மில்லிலிட்டர் வழிந்தால் நாளொன்றுக்கு 144 லிட்டர் வீணாகும். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் நெறிமுறை. எனவே இத்தகைய கசிவு ஒன்று, வீட்டில் கூடுதலாக ஓர் ஆள் இருப்பதற்குச் சமம்.

காஞ்சிபுரத்தில்

2021-இல் மாநகராட்சியான காஞ்சிபுரத்தின் குடிநீருக்குப் பாலாற்றுப் படுகையே முதன்மை ஆதாரம். ஓரிக்கை, திருப்பாற்கடல் ஆகிய இடங்களில் ஆற்று மணலுக்கு அடியிலிருந்து நீர் எடுக்கப்படுகிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றிலிருந்து வரும் இந்நீர், மேல்நிலைத் தொட்டிக்கு ஏறிய பின் கசிந்து வீணாகும்போது மின்சாரமும் சேர்ந்தே வீணாகிறது.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். அத்தகைய வீடுகளில் தொட்டியின் வெளிப்புறக் கசிவு சுவரில் ஊறுமானால், அந்த ஈரம் பட்டுப் பாவுக்கும் மரச் சட்டங்களுக்கும் ஆகாது.

தொட்டியின் அமைப்பு

தொட்டிக்குள் இரண்டு முக்கிய உறுப்புகள் உள்ளன. நீர் நிரம்பியதும் மிதவை உயர்ந்து, உள்ளே வரும் நீரை நிறுத்துவது மிதவை வால்வு. பொத்தானை அழுத்தும்போது திறந்து நீரைப் பீங்கானுக்குள் விடுவது அடிவால்வு. மிதவை வால்வு பழுதானால் மிகுநீர், வழிவுக் குழாய் வழியே வெளியேறும்.

சங்கிலியை இழுக்கும் பழைய இரும்புத் தொட்டிகள் சைஃபன் முறையில் இயங்குபவை. அவற்றில் நீர் ஒரு வளைவைத் தாண்டி ஏறினால்தான் வெளியேற முடியும் என்பதால் அடிவால்வுக் கசிவு ஏற்படுவதில்லை. நீரிழப்பைத் தடுக்கும் நோக்கில் பிரிட்டனில் 2001 வரை வால்வு வகைத் தொட்டிகள் அனுமதிக்கப்படவில்லை.

கசிவைக் கண்டறிதல்

1. தொட்டி நிரம்பிய பின், துணிகளுக்குப் போடும் சொட்டு நீலத்தில் சில துளிகளைத் தொட்டி நீரில் கலக்க வேண்டும். அரை மணி நேரம் கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது. பீங்கானில் நீல நிறம் தென்பட்டால் கசிவு உறுதி.

2. கசியும் இடத்தை அறிய, தொட்டிக்கு நீர் வரும் ஆங்கிள் காக்கை மூடி, நீர்மட்டத்தைத் தொட்டியின் உட்சுவரில் பென்சிலால் குறிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மட்டம் இறங்கிக்கொண்டே போனால் அடிவால்வில் பழுது. வழிவுக் குழாயின் விளிம்போடு நின்றுவிட்டால் மிதவை வால்வில் பழுது. அதற்குக் கீழே, அடியை எட்டாமல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அந்த உயரத்தில் விரிசல் இருக்கலாம்.

3. வெளிப்புற இணைப்புகளை உலர்ந்த தாளால் துடைத்துப் பார்த்தால், தாள் நனையும் இடம் கசியும் இடமாகும்.

சரிசெய்யும் முறை

மூடியைக் கழற்றித் தரையில் விரித்த துணியின் மேல் வைப்பது நல்லது. பீங்கான் மூடி எளிதில் உடையும். ஆங்கிள் காக்கை மூடித் தொட்டியைக் காலி செய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

அடிவால்வு: பல மாதிரிகளில் இதைக் கால் சுற்று இடப்புறம் திருப்பினால் கையோடு வந்துவிடும். அடியிலுள்ள வாஷரில் உப்புப் படிந்திருந்தால் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் துடைக்கலாம். கழிப்பறை ஆசிட்டைப் பயன்படுத்தினால் ரப்பர் கெடும். வாஷர் விறைத்தோ பள்ளம் விழுந்தோ இருந்தால் மாற்றுவதே வழி. அளவுகள் வேறுபடுவதால் பழைய வாஷரைக் கடைக்குக் கொண்டுசென்று அதே அளவில் வாங்க வேண்டும். வாஷர் அமரும் விளிம்பையும் துடைத்துவிட வேண்டும். ஒரு மணல் துகள் கிடந்தாலும் கசிவு நிற்காது.

மிதவை வால்வு: நீர்மட்டம் வழிவுக் குழாயின் விளிம்புக்கு 2 முதல் 3 செ.மீ. கீழே இருக்குமாறு திருகாணியைச் சரிசெய்ய வேண்டும். பழைய பித்தளைக் கம்பி வகையில் கம்பியைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்தால் போதும். மிதவைக்குள் நீர் புகுந்திருந்தால் புதியது வாங்க வேண்டும்.

இணைப்புக் குழாய்: நெகிழ் குழாயின் மரையில் நீரை நிறுத்துவது அதனுள் உள்ள வாஷர்தான். அதை மாற்றாமல் மேலே டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதால் பயனில்லை. பிளாஸ்டிக் மரையைக் கையால் இறுக்குவதே போதுமானது. ஸ்பானரால் அழுத்தி இறுக்கினால் மரை வெடித்துச் சிறு கசிவு பெரிதாகும்.

தொட்டியின் உடலில் விரிசல் இருந்தாலோ, ஆங்கிள் காக் மூடாமல் நின்றாலோ குழாய்ப் பணியாளரை அழைப்பது நல்லது. எந்தப் பழுதைச் சரிசெய்த பிறகும் சொட்டு நீலச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை இச்சோதனையைச் செய்துவந்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவைத் தொடக்கத்திலேயே நிறுத்தலாம்.