ஃபாரத்தில் இருக்கும் அந்தப் பெயர்!

"சிஸ்டர், எனக்கு முத்துலட்சுமி பணம் வருமா?"

பட்டாபிராமில் ஒரு சுகாதார நிலையத்தின் வராந்தா. கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் போயிருந்தேன். கேள்வி கேட்டவளுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். தலைச்சன் பிள்ளை.

"பதினாறு வாரம் ஆயிடுச்சே! ஏம்மா இத்தனை நாள் வந்து பதியலை?" என்றார் நர்ஸ்.

அவள் பதில் சொல்லவில்லை. கூட வந்திருந்த மாமியார்தான் முந்திக்கொண்டார். "மூணு மாசம் முடியறவரைக்கும் வெளியில சொல்லக்கூடாதுன்னு நான்தாம்மா சொன்னேன். கண்ணு பட்டுடுமில்ல?"

ஃபாரத்தைக் கையில் வாங்கிய மருமகள் மெல்லக் கேட்டாள்: "யாரு அத்தை இந்த முத்துலட்சுமி?"

"யாராவது மந்திரி சம்சாரமா இருக்கும்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வருத்தமும் வந்தது. மந்திரியின் மனைவி அல்ல, சகோதரிகளே! சட்டசபையில் தானே தலைமை நாற்காலியில் அமர்ந்தவர் அவர்.

திரைக்கு வெளியே வந்த பெண்

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். ஊரார் அந்தக் குடும்பத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இவர் சேர விரும்பியபோது எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் டாக்டரானார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்பதுதான் அது. நூறு வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பேச்சு இது என்பதை நினைத்துப் பாருங்கள்!

கோட்டையில் ஒரு டாக்டர் அம்மா

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921-இல் கிடைத்தது. சட்டசபையில் உட்காரும் உரிமையோ 1926-இல்தான் வந்தது. அந்த ஆண்டு தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய மிகச் சில ஓட்டுகளில் தோற்றுப்போனார். பெண்கள் சங்கத்தார் முத்துலட்சுமியின் பெயரைச் சொல்ல, அரசு அவரைச் சட்டசபை உறுப்பினராக நியமித்தது. வைத்தியத் தொழில் கெட்டுவிடுமே என்று அவர் முதலில் தயங்கத்தான் செய்தார். ஆனால் உள்ளே போன சூட்டோடு, 1927 ஜனவரியில், அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், துணைத் தலைவரும் ஆகிவிட்டார்!

பதவி கிடைத்ததும் அவர் பேச எடுத்தது எதை? வீட்டுக்குள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அனுபவித்ததையெல்லாம்!

பிரசவ அறையில் பிஞ்சுத் தாய்மார்களைப் பார்த்த டாக்டர் அவர். அதனால் குழந்தை மணத்தை ஒழிக்க வேண்டும் என்று வாதாடினார். 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்று வைத்தது. அந்தப் பதினான்குக்கே அத்தனை போராட்டம்!

பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார். அவர் வெறும் உபதேசத்தோடு நிற்கவில்லை. வழக்கம் எதில் பின்னிக்கிடக்கிறது என்று பார்த்தார். கோயில் மானிய நிலம்! சேவை செய்தால்தான் நிலம்; நிலம் கைவிட்டுப் போகாமலிருக்க அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கும் பொட்டுக் கட்டியாக வேண்டும். 1929-இல் வந்த சட்டத்திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. சேவை வேண்டாம், நிலம் அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும் என்றது.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. தேசத் தலைவர் சத்தியமூர்த்தியே எதிர்த்தார். பிழைப்பும் கலையும் போய்விடுமே என்று அந்தக் குலத்துப் பெண்கள் சிலரும் கலங்கினார்கள். அதே குலத்தில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ ஒழிப்பின் பக்கம் நின்றார். முழுத் தடைச் சட்டம் 1947-இல்தான் வந்தது. இருபது வருஷக் காத்திருப்பு!

ஆனால் 1930-லேயே அம்மையார் பதவியை உதறிவிட்டார். காந்தியடிகளைக் கைது செய்ததைக் கண்டித்து ராஜினாமா! அவையில் இருந்தது மூன்று வருஷத்துக்குச் சற்று அதிகம்தான்.

வீட்டுத் துக்கம், ஊருக்கு மருந்து

பொட்டுக் கட்டு வேண்டாமென்று வெளியேறிய சிறுமிகளை விடுதிகள் சேர்க்க மறுத்தபோது, தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம்.

இன்னொரு துக்கம் அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை. அவருடைய தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்துபோனார். முதலில் வேறு நோயென்று எண்ணி வைத்தியம் நடந்தது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காவே டாக்டர், ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை! அந்த வேதனையை முப்பது வருஷம் சுமந்து, ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1968-இல் அம்மையார் மறைந்தார். இன்றும் நம் பட்டாபிராமிலிருந்து ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்து அங்கே போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

அவர் பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 2018-இல் இந்த உதவி 18,000 ரூபாயாக உயர்ந்தது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்த கணக்கு இது. 19 வயது நிரம்பிய ஏழைத் தாய்மார்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள் பெயரைப் பதிந்துவிடுங்கள். பணத்துக்காக மட்டுமல்ல, ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சீக்கிரமே தெரிந்துவிடும். நர்ஸிடம் சொன்னால் கண் படாது!

முப்பது வயது தாண்டியவர்கள் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனையை அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். மார்பில் கட்டி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மாதவிலக்கு நின்ற பிறகும் உதிரப்போக்கு... இவற்றை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எல்லாம் புற்றுநோயாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஆனால் டாக்டர் பார்த்துச் சொல்லட்டுமே!

அன்று அந்த வராந்தாவில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இந்தக் கதையைத்தான் சுருக்கமாகச் சொன்னேன். தங்கையின் கதை வந்ததும் மாமியார் பேசாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகளின் எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அவர் கிளம்பவில்லை.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நர்ஸ் அருகே போய், தாழ்ந்த குரலில் சொன்னார்: "அம்மா... எனக்கும் ஒண்ணு கேக்கணும். நாலு மாசமா யார்கிட்டயும் சொல்லலை."

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.