தேனடையில் தேனீக்கும் பங்கு

அபிஷேகத்திற்குப் பொருள் சேர்க்கும் அன்பர்கள் பாலைக் கறந்த சூட்டோடு கொண்டுவருவர். இளநீரைக் கண்ணெதிரே சீவச் சொல்வர். தேன் மட்டும் கடையில் கிடைத்த புட்டியோடு குருக்களின் கைக்குப் போய்விடுகிறது. 2020 டிசம்பரில், தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்து, 10 நிறுவனங்களுடையது தூய்மைச் சோதனையில் தேறவில்லை என்று அறிவித்தது. நிறுவனங்கள் அதனை மறுத்தன. ஆயினும், இறைவன் திருமேனியில் நாம் சொரிவது தேன்தானா, சர்க்கரைப் பாகா என்ற ஐயம் பக்தர் மனத்தில் எழாமல் இருக்குமா?

காளத்தியப்பருக்குத் தேன் கலந்து ஊனமுது படைத்த திண்ணனார், அதனைக் காட்டிலிருந்து தம் கையாலேயே கொணர்ந்தார். அத்தகைய கைகள் இன்றும் நீலகிரியில் இருக்கின்றன. குறும்பரும் இருளரும் செங்குத்தான பாறைகளில் தொங்கும் மலைத்தேனீயின் அடைகளிலிருந்து தேன் எடுத்துவரும் மரபினர். கோத்தகிரிக்கு அப்பால் உயர்ந்து நிற்கும் ரங்கசாமி சிகரத்தில் வழிவழியாகப் பூசை செய்துவந்தவர்களும் இருளரே.

தேன் எடுப்பது அவர்களுக்கு நோன்பு போன்றது. புறப்படும் முன் சில நாள் விரதம் காப்பர்; தெய்வத்தை வணங்கிய பின்னரே காட்டுக்கொடியால் பின்னிய ஏணியைப் பாறை முகட்டிலிருந்து தொங்கவிடுவர். பச்சிலைப் புகையால் தேனீக்களை விலக்கி அடையை அறுப்பர். மேலே கயிற்றைக் காத்து நிற்பவர் பெரும்பாலும் மைத்துனராகவே இருப்பார். தன் உடன்பிறந்தாள் விதவையாவதை எந்த மைத்துனர்தான் பொறுப்பார்? உறவையே உயிர்க்காப்பாக வைத்த அந்த ஏற்பாடு வியப்புக்குரியது. அடை முழுவதையும் எடுத்துவிடாமல், தேனீக்கும் ஒரு பங்கை விட்டுவருவதும் அவர்களுடைய மரபு.

இத்தனை இடருக்கும் கிடைத்த பலனோ சொற்பம். கையால் பிழிந்த தேனில் புழுவும் மகரந்தமும் கலந்துவிடும். காட்டுத்தேனில் இயல்பாகவே ஈரம் மிகுதி; அதனால் விரைவில் புளித்துவிடும். வணிகர் அதனையே காரணம் காட்டி விலையைக் குறைப்பர். மெழுகோ காட்டிலேயே எறியப்பட்டது.

1990களின் தொடக்கத்தில் ஸ்நேகலதா நாத், மேத்யூ ஜான், பிரதீம் ராய் என்னும் மூன்று நண்பர்கள் இம்மக்களிடையே சுற்றி, தேன் எடுக்கும் முறைகளைக் கேட்டறிந்தனர். 1993இல் அவர்கள் தொடங்கிய கீஸ்டோன் அறக்கட்டளை கோத்தகிரியில் நிலைகொண்டது. மலைமக்களுக்குத் தேன் எடுக்கக் கற்றுக்கொடுக்க அவர்கள் வரவில்லை. அதில் யார் ஆசான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புழு இருக்கும் பகுதியை நீக்கித் தேனுள்ள பகுதியை மட்டும் வெட்டுதல், தூய கலத்தில் வடித்தல், மெழுகை உருக்கிச் சோப்பும் மெழுகுவத்தியும் செய்தல் ஆகிய சிறு மாற்றங்களையே கொண்டுவந்தனர். விலை உயர்வதற்கு அவையே போதுமானவையாக இருந்தன.

அறப்பணி வேறு, கடை நடத்துவது வேறு. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய எத்தனையோ முயற்சிகள் கணக்குப் புத்தகத்தின் முன் தடுமாறியதை நாம் அறிவோம். அதனால்தான் போலும், 2010இல் வணிகத்திற்கென லாஸ்ட் ஃபாரஸ்ட் என்னும் தனி நிறுவனம் அமைந்தது. தேன், மிளகு, காப்பி, சாமை முதலியன அதன் வழியே நகரங்களுக்குச் சென்றன.

எனினும், என் எண்ணத்தில் அதனினும் பெரிய அடி 2013இல்தான் வைக்கப்பட்டது. ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் அவ்வாண்டு பதிவாயிற்று. அதன் பங்குதாரர் மலைமக்களே. அதுவரை பொருளை விற்றவர்கள் அன்றுமுதல் உரிமையாளரும் ஆயினர். காட்டுப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அங்கீகரித்திருந்தது. அந்த உரிமையின் பலன் இடைத்தரகரிடம் தங்காமல் சேகரிப்பவர் வீட்டுக்கே செல்வதற்கு ஒரு நிறுவனமும் தேவைப்பட்டது. ஊர்களில் உள்ள உற்பத்தி மையங்களில் வடிப்பதும் தரம்பிரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் பணி. ஏறத்தாழ 1,700 உறுப்பினரும் 147 சிற்றூர்களும் பயன்பெற்ற இம்முயற்சிக்கு, 2021இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது.

இவ்வணிகத்திற்கு ஓர் எல்லை உண்டு. கேட்பவர் பெருகினார் என்பதற்காகப் பாறையில் அடைகள் பெருகிவிடா. மழை பிசகிப் பூக்கள் குறைந்த ஆண்டில் தேனும் குறையும். அதனால் விலை சற்றுக் கூடுதலே. எல்லாக் காலத்திலும் கிடைக்கும் என்றும் சொல்வதற்கில்லை.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் செல்லும் அன்பர்கள் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்டுத்தேன் எல்லாம் ஒரே நிறமாகவும் ஒரே சுவையாகவும் இராது. நாவல் பூக்கும் காலத்துத் தேன் கசக்கும். பஞ்சாமிர்தத்திற்கு வேண்டுமானால் இனிப்புத் தேன் என்று கேட்டே வாங்குங்கள்.